டியூஷனுக்கு முன் ஒரு சோதனை

சிட்னியின் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கினால் உடனே தேடுவது இன்னொரு டியூஷன். மெல்பர்னின் டாண்டினாங்கிலும் கிளென் வேவர்லியிலும் இதே கதைதான். "பெடியன் நல்லாக் கதைப்பான், எழுதத்தான் பஞ்சி" என்பார் யாழ்ப்பாணத்து அம்மா. "போனை நோண்டுற நேரத்துல பாதி படிச்சாப் போதும்" என்பார் சென்னையிலிருந்து வந்த அப்பா. வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியாவாக இருக்குமோ என்ற நினைப்பு வருவதில்லை. அது 'தாரே ஜமீன் பர்' படத்துச் சிறுவனைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கு உரியது என்று எண்ணிவிட்டோம்.

ஆனால் 1896-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் இதை விவரித்தபோது அவர் எழுதியது பதினான்கு வயதுப் பையனைப் பற்றி. பெர்சி என்ற அந்தப் பையன் சூட்டிகையானவன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவனில்லை, கணக்கு போடுவான். ஏழு வயதிலிருந்து பள்ளியும் தனி ஆசிரியர்களுமாகப் பாடுபட்டும் வாசிப்பு மட்டும் கைகூடவில்லை. நூற்றுமுப்பது ஆண்டுக்கு முன்பே டியூஷன் தோற்ற கதை அது.

பதின்ம வயதில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆரம்ப வகுப்புகளை நினைவாற்றலால் கடந்துவிடுகிறார்கள். சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறார்கள். ஏழு, எட்டாம் வகுப்பில் வரலாறும் அறிவியலும் பக்கம் பக்கமாக வரும்போது அந்த உத்தி தாங்காது. அப்போது சிலர் வகுப்பில் குறும்பு செய்வார்கள். சிலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். நாப்லான் என்ற தேசியத் தேர்வில் மூன்றாம் வகுப்பிலிருந்து வாசிப்பு மதிப்பெண் எப்படிப் போயிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

"தமிழ்ப் பள்ளியில் நன்றாகத்தானே வாசிக்கிறான்" என்று ஒரு வாதம் வரும். 1999-ல் டெய்கோ வைடெல், பிரையன் பட்டர்வொர்த் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஜப்பானில் பிறந்து வளர்ந்த பதினாறு வயதுப் பையன். அப்பா ஆஸ்திரேலியர், அம்மா ஆங்கிலேயர். ஜப்பானிய மொழியை அருமையாக வாசித்த அவனுக்கு ஆங்கிலத்தில் மட்டும் கடுமையான டிஸ்லெக்சியா. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அவ்வளவு குழப்பமானது. தமிழில் அந்த உறவு நெருக்கமானது. ஆகவே தமிழ் வாசிப்பைக் காட்டிப் பிள்ளையைச் சோம்பேறி என்று முத்திரை குத்த முடியாது. வீட்டில் தமிழ் பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதும் இல்லை. அதற்காகத் தமிழை நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு உளவியலாளரிடம் போங்கள். அவர் செய்யும் சோதனைக்குச் சில மணி நேரம் பிடிக்கும். விஸ்க் என்ற அறிவுத்திறன் சோதனையும் வயாட் என்ற கல்வித்திறன் சோதனையும் வழக்கம். அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். அங்கே மனப்பாடமும் ஊகமும் கைகொடுக்காது. இத்தனை நாள் மறைந்திருந்தது வெளியே வந்துவிடும். வீட்டு மொழி எது, குடும்பத்தில் வேறு யாருக்கும் வாசிப்பு வராமல் இருந்ததா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். டிஸ்லெக்சியா குடும்ப வழியில் வருவது. முறையான பயிற்சி ஆறு மாதம் கொடுத்தும் முன்னேற்றம் இல்லையா என்றும் கேட்பார்கள், ஆகவே எந்தப் பயிற்சி, எத்தனை மாதம் என்று குறித்து வையுங்கள்.

செலவு எளிதல்ல. இந்தச் சோதனைக்குப் பொதுவாக மெடிகேர் பணம் தராது. தனியார் கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டும். இரண்டாயிரத்தைத் தொடுவதும் உண்டு. வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் விடை கிடைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு அநியாயமாகவே படுகிறது. பல்கலைக்கழக உளவியல் கிளினிக்குகளில், மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெறுபவர்களிடம், குறைவான கட்டணத்தில் செய்துகொள்ளலாம். அரசுப் பள்ளியென்றால் பள்ளி ஆலோசகரிடம் கேட்கலாம், காத்திருக்க வேண்டிவரும். நியூ சவுத் வேல்ஸில் ஸ்பெல்ட் என்ற அமைப்பு பெற்றோருக்கு வழிகாட்டுகிறது.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. உளவியலாளரின் அறிக்கை கையில் வரும்வரை பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. 1992-ன் மாற்றுத்திறன் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் அதன்கீழ் வந்த 2005-ன் கல்வித் தரவிதிகளும், நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையைப் பள்ளிகள்மீது வைக்கின்றன. பிள்ளையின் தேவைக்குச் சான்று இருந்தால், முறையான நோயறிதல் இல்லாமலேயே பள்ளி உதவியைத் தொடங்கலாம். பாடத்தை ஒலியாகக் கேட்பது, கணினியில் எழுதுவது, கூடுதல் நேரம் என்று பலவும் இதில் அடங்கும். "முதலில் ரிப்போர்ட் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் பணிந்து வந்துவிடாதீர்கள். தேவையை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

அப்படியானால் சோதனை எதற்கு? பிள்ளைக்காக. பத்து வருடமாகத் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தன் மூளை எதில் வேகம், எதில் நிதானம் என்று தெரிய வேண்டும். அறிக்கையைப் பெற்றோர் மட்டும் படித்து அலமாரியில் பூட்டுவது பெரிய கொடுமை. அவனையும் பக்கத்தில் வைத்து விளக்கச் சொல்லி உளவியலாளரிடம் கேளுங்கள். சொந்தக்காரர்களுக்குச் சொல்வதா என்பதையும் அவனே முடிவு செய்யட்டும். ஒலியிலிருந்து எழுத்துக்கு முறையாக அழைத்துப்போகும் பயிற்சி இந்த வயதிலும் பலன் தரும். எந்த டியூஷனை நிறுத்தி இதற்கு நேரம் ஒதுக்குவது என்பதற்கும் அந்த அறிக்கையே வழிகாட்டும்.

நியூ சவுத் வேல்ஸின் ஹெச்.எஸ்.சி. தேர்வில் கூடுதல் நேரம், வாசித்துச் சொல்பவர், எழுதித் தருபவர், இடைவேளை போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளிதான் நெசா என்ற மாநிலத் தேர்வு வாரியத்திடம் விண்ணப்பிக்கும். வாரியம் பெரிதும் பார்ப்பது குறைபாட்டின் பெயரையல்ல. வாசிப்புச் சோதனை முடிவையும் பிள்ளையின் கையெழுத்து மாதிரிகளையும்தான். விக்டோரியாவில் வி.சி.இ. தேர்வுக்கும் பள்ளி வழியாகவே விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்பில் போய்க் கேட்டால் அவசரமாகிவிடும். பத்தாம் வகுப்பிலேயே இதற்குப் பொறுப்பான ஆசிரியர் யாரென்று விசாரித்து, அவரிடம் நேரம் வாங்குங்கள்.