வைட்டமின் டி குறைந்தால் கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பு வருமா?

கர்ப்பம் 20 வாரங்களைக் கடந்த பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதமும் வெளியேறினால் மருத்துவர்கள் அதை ப்ரீஎக்ளாம்ப்சியா என்கிறார்கள். முற்றினால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். கிராமத்தார் ஜன்னி என்று சொல்லி அஞ்சும் வலிப்பு வரும். உலகெங்கும் கர்ப்பிணிகளில் 100க்கு 2 முதல் 8 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். ஏறிய அழுத்தத்தை மாத்திரையால் இறக்கலாம். நோய் விலக வேண்டுமானால் குழந்தையும் நஞ்சும் (பிளாசென்டா) வெளியே வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட நோயைச் சில ரூபாய் வைட்டமினால் தடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மருத்துவ உலகம் காதைத் தீட்டிக்கொள்வதில் வியப்பில்லை. சொன்னவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் லிசா பாட்னர் குழுவினர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ப்ரீஎக்ளாம்ப்சியா வந்த 55 பெண்களின் ரத்தத்தையும் வராத 219 பேரின் ரத்தத்தையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே எடுத்துவைத்த ரத்தம் அது. அதில் வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று தெரிந்தது.

இதற்கு உடலியலும் தோள்கொடுத்தது. வைட்டமின் டியை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் வேலையைச் சிறுநீரகம் மட்டும் செய்வதில்லை, நஞ்சும் செய்கிறது. இந்த வைட்டமினை உணரும் ஏற்பிகளை நீக்கிய எலிகளில் ரெனின் என்ற நொதி எல்லை மீறிச் சுரந்து ரத்த அழுத்தம் ஏறுவது 2002இலேயே தெரிந்துவிட்டது. கருப்பையின் ரத்தக் குழாய்களுக்குள் நஞ்சின் செல்கள் சரியாக ஊடுருவி அவற்றை அகலப்படுத்தாததே ப்ரீஎக்ளாம்ப்சியாவின் தொடக்கம் என்பது இன்றைய புரிதல். அந்த ஊடுருவலுக்கும் இந்த வைட்டமின் துணைபுரிகிறது என்பதற்குச் சோதனைக்கூடச் சான்றுகள் உண்டு. இத்தனை இருந்தும், குறைபாடுதான் நோயைக் கொண்டுவருகிறது என்ற முடிவுக்கு இன்னும் இடமில்லை என்பதே என் கணிப்பு.

வைட்டமின் டி யாருக்குக் குறைகிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் பருமனானவர்களின் ரத்தத்தில் இது குறைவாகவே தென்படும். அதே பருமன் ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்கும் நன்கறிந்த காரணம். வெயிலில் நடமாடாதவர், வறுமையால் சத்தான உணவு கிடைக்காதவர் என்று பட்டியல் நீளும். இவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம்; ஒன்று மற்றொன்றைப் பெற்றதாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் கணக்கில் திருத்தம் செய்கிறார்கள்தான், ஆனால் அளக்காத ஒன்றை எந்தக் கணக்காலும் திருத்த முடியாது. ஆகவேதான் மரபணுவைத் துணைக்கு அழைத்தார்கள். வைட்டமின் டி அளவைக் கூட்டும், குறைக்கும் மரபணுக்கள் சிலவற்றைக் கருத்தரிக்கும் கணத்திலேயே குலுக்கல் சீட்டுப்போலப் பெற்றுவிடுகிறோம். பருமனோ வருமானமோ அந்தச் சீட்டை மாற்றாது. குறைவான அளவுக்குரிய மரபணுவைப் பெற்ற பெண்களுக்கு நோய் கூடுதலா என்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு தேடிப் பார்த்தது. காரணத் தொடர்புக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. இந்த மரபணுக்களால் வரும் வேறுபாடு சிறிது என்பதால் தொடர்பே இல்லையென்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் ஐந்து மடங்கு என்ற கணக்கு இதற்குப் பிறகு நிற்கவில்லை.

மாத்திரையைக் கொடுத்தே பார்த்துவிடலாமே என்றால், பார்த்தாயிற்று. பாஸ்டன், செயின்ட் லூயிஸ், சான் டியகோ ஆகிய மூன்று நகரங்களில் நடந்த ஆய்வில் 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளில் குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குத் தினமும் 4,400 யூனிட்டும் மீதிப்பேருக்கு 400 யூனிட்டும் கொடுக்கப்பட்டன. குழந்தையின் ஆஸ்துமாவைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். ப்ரீஎக்ளாம்ப்சியாவோ இரு பக்கமும் 100க்கு 8 பேர் என்ற அளவில்தான் வந்தது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. மாத்திரை தொடங்கியது 10 முதல் 18 வாரங்களுக்குள். நஞ்சு வேரூன்றும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறதே? அதே ஆய்வில், தொடக்கத்திலும் கடைசியிலும் வைட்டமின் போதிய அளவில் இருந்த பெண்களுக்கு நோய் வெகு குறைவாக வந்தது என்பதையும் காட்டுகிறார்கள். ஆனால் அப்படிப் பிரித்த கணமே குலுக்கல் முறையின் பாதுகாப்பு போய்விடுகிறது. போதிய அளவோடு வந்த பெண்கள் வேறு பல வகைகளிலும் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். கருத்தரிப்பதற்கு முன்பே மாத்திரை தொடங்கும் பெரிய ஆய்வு வேண்டும் என்பதற்கு இது நல்ல வாதம். மாத்திரை பலித்தது என்பதற்கு இது வாதம் ஆகாது.

சிறு ஆய்வுகளைத் திரட்டிய, காக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பாய்வு 2019இல் நோய் பாதியாகக் குறையக்கூடும் என்றது. 2024இல் அதே மதிப்பாய்வைப் புதுப்பித்தபோது, நம்பகத்தன்மை போதாது என்று முன்பு சேர்த்த பல ஆய்வுகளை விலக்கினார்கள். மிஞ்சியவற்றை வைத்துப் பார்த்தால் பலன் உண்டா என்பதே மிகவும் ஐயத்துக்குரியது என்ற நிலைக்கு வந்தார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வைட்டமின் டி கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியல் சங்கமோ 2024இல், பலன் இருக்கக்கூடும் என்று கொடுக்கச் சொல்கிறது. அதே சங்கம் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக ரத்தத்தில் வைட்டமின் டி பரிசோதிக்க வேண்டாம் என்கிறது. பரிசோதனைக்கூடங்களின் விளம்பரப் பட்டியல்களில் இந்தப் பாதி மட்டும் காணாமல் போய்விடுகிறது!

கெடுதல் இல்லாதபோது சாப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். சிறு அளவில் கெடுதல் இல்லை, எலும்புக்கு நல்லதும்கூட. ஆனால் இதே நோய்க்கு முன்பொருமுறை வைட்டமின் சி, இ மீது இதே நம்பிக்கையை வைத்தார்கள். 2006இல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்வில் அவை நோயைத் தடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தாம் சற்று அதிகம் பிறந்தன. 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலத்தை அவரவர் கணக்கில் வாங்கிக் கரைத்துக் குடிப்பது கால்சியத்தை ரத்தத்தில் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும்.

இதைவிட உறுதியான வழிகள் கையில் இருக்கின்றன. ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் குறைமாதத்தில் தாக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியா 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6ஆக இறங்கியது. உணவில் கால்சியம் குறைந்த பெண்களுக்குக் கால்சியம் பலன் தருகிறது. பெங்களூரில் 11,000 பெண்களிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு, தினம் 1,500 மில்லிகிராம் தேவையில்லை, 500 மில்லிகிராமே அதற்கு ஈடாகும் என்று காட்டியது. இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி கர்ப்பிணிகளுக்கு 14ஆவது வாரத்திலிருந்து தினம் இரண்டு கால்சியம் மாத்திரைகள் இலவசம். ஒவ்வொன்றிலும் 250 யூனிட் வைட்டமின் டி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் தொடர வேண்டிய அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது; இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விட வேண்டும்.