இரட்டை ஆயுதங்களும் ஓர் எளிய சோதனையும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், ஏழாம் நூற்றாண்டுப் போர் ஒன்றின் வருணனையைச் செப்பேட்டில் காத்துத் தந்த ஊர். முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, சாளுக்கிய மன்னன் விக்கிரமாதித்தன் கந்தைத் துணியுடன் ஓடியதாகப் பெருமிதத்துடன் பேசுகிறது. வெற்றியைப் புகழும் ஏட்டில், எந்த ஆயுதம் எந்த அளவுக்குப் பயன்பட்டது என்ற ஆய்வை நாம் எதிர்பார்க்க முடியாது. அந்த ஆய்வு நம் காலத்தின் கடமை.

அண்மைக் காலமாக, இரண்டு ஆயுதங்களை ஒன்றாக இணைத்த பழைய கருவிகளின் படங்கள் சமூக ஊடகங்களில் பரவலாகப் பகிரப்படுகின்றன. இருபுறமும் கைத்துப்பாக்கி பொருத்திய கட்டாரி அவற்றுள் ஒன்று. 'முன்னோரின் ஒப்பற்ற படைப்பு' என்ற பாராட்டும் உடன் வருகிறது. அதை ஏந்தியவனுக்கு அது களத்தில் கைகொடுத்ததா என்று கேட்பவர் குறைவு.

இத்தகைய கருவிகளை மதிப்பிட ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஒன்றின் பயன் மற்றொன்றின் பயனைத் தடுக்கலாகாது. ஐரோப்பாவில் தொடக்கக்காலத் துப்பாக்கி ஈட்டி, குழலின் வாய்க்குள்ளேயே செருகப்பட்டது. செருகிய பின் சுட இயலாது. 1689-இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கிப் போரில், ஈட்டியைச் செருகி முடிப்பதற்குள் எதிரிகள் பாய்ந்துவிட்டதால் அரசுப் படை சிதறியது. பின்னர், குழலைச் சுற்றி வளையமாகப் பொருந்தும் ஈட்டி வந்தது; சுடுதலும் குத்துதலும் ஒரே கருவியில் இயன்றன. அந்த இணைப்பு இன்றுவரை நிலைத்திருக்கிறது. 1837-இல் அமெரிக்கக் கடற்படைக்காக 150 எண்ணிக்கையில் செய்யப்பட்ட வாள்-துப்பாக்கியோ பெருவழக்காகவில்லை.

துப்பாக்கிக் கட்டாரியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். கட்டாரியின் வலிமை, குறுக்குப் பிடியை இறுகப் பற்றி முழுக்கையின் விசையோடு குத்துவதில் உள்ளது. இரு குழல்கள் சேர்ந்தால் முன்பாரம் கூடும். அலகோடு பக்கவாட்டில் அமைந்த குழல்கள் ஆழமாக இறங்குவதைத் தடுக்கும். சுட்டபின் மீண்டும் மருந்திடும் கை, கூரிய அலகின் அருகிலேயே இயங்க வேண்டும். அரசவையில் மதிப்பைக் காட்டும் பொருளாகவே அது பெரிதும் விளங்கியிருக்கும் என்பது என் கருத்து.

சிலம்ப மரபின் மான் கொம்பு இதற்கு நேர்மாறானது. எதிரெதிராக இணைத்த இரு கொம்புகள், நடுவில் பிடி; சில வகைகளில் சிறு கேடயமும் உண்டு. அடியைத் தடுக்கும் அதே கை அசைவு, மறுநொடியில் குத்தாக மாறுகிறது. காப்பும் தாக்குதலும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. வெளிமான் இன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளதால், மரத்தாலும் உலோகத்தாலும் ஆன மாற்றுகளைக் கொண்டு பயிற்சி தொடர வேண்டியுள்ளது. எடையும் வளைவும் மாறும்போது பழைய அடவுகள் அப்படியே பொருந்துமா என்பதும் சோதனைக்குரியது.

தஞ்சை அரண்மனையின் ஆயுதக் கிடங்கு ஆங்கிலேயர் ஆட்சியில் கலைக்கப்பட்டது. ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தது. பொருள்கள் மிஞ்சின, அவற்றைக் கையாண்டவர்களின் அறிவு மிஞ்சவில்லை. அருங்காட்சியகப் பொருளைத் தொட்டுச் சோதிக்க வேண்டியதில்லை. அதன் எடை, நீளம், சமநிலைப் புள்ளி ஆகியவற்றை அளந்து, முனை மழுங்கிய, வெடிமருந்து இல்லாத படிகளைச் செய்யலாம். அனுபவமிக்க சிலம்ப ஆசான்கள் அவற்றைக் கையாள, பொறியியல் மாணவர்கள் வேகத்தையும் களைப்பையும் பதிவு செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், போட்டி விதிகள் புள்ளிகளை எண்ணுமே தவிர, ஓர் ஆயுதம் ஏன் அவ்வாறு வடிவமைக்கப்பட்டது என்பதை விளக்கா. அந்த விளக்கம் முதிய ஆசான்களின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதைச் சோதித்துப் பதிவு செய்தாக வேண்டும். சோதித்துத் தேர்ந்த பெருமையை யாரும் மறுக்க முடியாது.