காலை இழந்தவருக்கும் கணவரை இழந்தவருக்கும் வீடு

வேலை இருக்கிற வரைதான் வீடு. தோட்டத்து மக்களுக்கு இதை யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. பால்வெட்டி ஓய்ந்துபோன பெரியவர், செம்பனைக் குலை மேலே விழுந்து இடுப்பொடிந்தவர், புருஷனைப் பறிகொடுத்ததோடு செக்ரோலிலும் பெயர் இல்லாமல் போன பெண், இவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இனிமே எங்கே போய் இருக்கிறது?"

பட்டாளத்துக் குடும்பங்களுக்கும் இதே கேள்வி உண்டு, தோழர்களே. முகாமுக்குள் இருக்கும் குவாட்டர்ஸ் சிப்பாய்க்குச் சொந்தமில்லை. அவர் பணியில் இருக்கிற வரை குடும்பம் அங்கே இருக்கலாம். கால் போய் வீடு திரும்பினால்? அல்லது திரும்பியே வராவிட்டால்? இதற்கு அமெரிக்க அரசாங்கம் 1944ஆம் ஆண்டு தொடங்கி என்ன ஏற்பாடு செய்து வந்திருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

"அமெரிக்காக்காரன் வீடு கட்டுனா நமக்கென்னங்க?" என்று கேட்பீர்கள். அடிபட்டவருக்கும் விதவைக்கும் வெறும் பென்ஷன் மட்டும் போதாது, தலைக்கு மேலே கூரையும் வேண்டும் என்று ஒரு நாடு சட்டமே எழுதி வைத்தது. அந்தச் சட்டம் எப்படி நடக்கிறது, எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் நாளைக்கு நாமும் எதையாவது கேட்கும்போது சரியாகக் கேட்கலாம் அல்லவா? நம் சொக்சோ அடிபட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் பென்ஷன் தருகிறது. அது நல்ல காரியம். ஆனால் பென்ஷன் வேறு, வீடு வேறு.

இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1944 ஜூன் 22ஆம் நாள், அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 'ஜி.ஐ. பில்' என்று அதைச் சொல்வார்கள். ஜி.ஐ. என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் சாதாரண சிப்பாய். அந்தச் சட்டத்தில் படிப்புச் செலவு, வேலையில்லாத காலத்துக்கு உதவிப்பணம், இவற்றோடு வீட்டுக் கடனும் இருந்தது. அரசாங்கம் தன் கையால் கடன் கொடுக்கவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். கடன் கொடுப்பது பேங்குதான், அரசாங்கம் ஜாமீன் நிற்கும். ஆரம்பத்தில் கடனில் பாதிக்கு, அதிகபட்சம் 2,000 டாலருக்கு ஜாமீன். மறு ஆண்டே அது போதாதென்று 4,000 ஆக்கினார்கள்.

ஜாமீன் நிற்பது சின்ன விஷயமா? கையில் முன்பணம் இல்லாத இளைஞனைப் பேங்குக்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். அரசாங்கம் பின்னால் நின்றதும் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். 1955ஆம் ஆண்டுக்குள் இப்படி 43 லட்சம் வீட்டுக் கடன்கள் கொடுக்கப்பட்டன. இதுவரை மொத்தம் 2 கோடியே 80 லட்சத்துக்கு மேல்.

எல்லாருக்கும் அந்த நாற்காலி கிடைக்கவில்லை. சட்டத்தில் நிறம் எழுதப்படவில்லை, ஆனால் கடன் கொடுக்கும் மேசையில் இருந்தவர்கள் நிறம் பார்த்தார்கள். 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் 13 நகரங்களில் கணக்கெடுத்தபோது, அரசு ஜாமீனில் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பர்களுக்குப் போனது வெறும் இரண்டு. அதே போரில் போராடியவர்கள்தான் அவர்களும். சட்டம் காகிதத்தில் நன்றாக இருப்பது மட்டும் போதாது என்பது நமக்குப் புதிய செய்தியில்லை.

அடுத்து, உடல் ஊனமுற்றவர்கள் கதைக்கு வருவோம். முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர் வழியில் வந்த கிருமியும் அவர்களைக் கொண்டுபோயின. இரண்டாம் போருக்குள் பெனிசிலின் வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத சிப்பாய்கள் சுமார் 2,500 பேர் உயிரோடு அமெரிக்கா திரும்பினார்கள். உயிர் தப்பியது, ஆனால் போவதற்கு இடம் இல்லை. வீட்டு வாசலில் நான்கு படி, கக்கூஸ் கதவு இரண்டடி அகலம், சக்கர நாற்காலி எப்படி நுழையும்? மருத்துவம் முடிந்தும் பலர் படைவீரர் மருத்துவமனைகளிலேயே கிடந்தார்கள். மார்லன் பிராண்டோவின் முதல் படமே இவர்களைப் பற்றியதுதான். 1950இல் வந்த அந்தப் படத்துக்காக அவர் கலிபோர்னியாவில் இருந்த ஒரு படைவீரர் மருத்துவமனையில் இப்படிப்பட்ட நோயாளிகளோடு நாற்காலியில் உட்கார்ந்து பழகினார்.

இவர்கள் சும்மா இருக்கவில்லை. 1940களின் பின்பாதியில் தங்களுக்கென்று சங்கம் கட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாஷிங்டனுக்குப் போய்க் கேட்டார்கள். 1948 ஜூனில் தனிச் சட்டம் வந்தது. இது கடன் இல்லை, மானியம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நாற்காலி போகிற மாதிரி வீடு கட்ட ஆகும் செலவில் பாதி, 10,000 டாலர் வரை அரசாங்கம் கொடுக்கும்.

அந்தப் பணத்தைக் கொண்டு எழும்பிய ஒரு வீடு இன்றைக்கும் இல்லினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்டு என்ற ஊரில் நிற்கிறது. கடற்படையில் இருந்த கென்னத் லாரன்ட் என்பவருக்கு முதுகுத்தண்டில் கட்டி. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கால்கள் வரவில்லை. அவரும் மனைவி ஃபிலிசும் யோசித்தார்கள். மானியம் கிடைக்கப் போகிறது, கட்டுவதை நல்ல ஆளிடமே கொடுப்போமே என்று, அமெரிக்காவிலேயே பேர்போன கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுக்குக் கடிதம் போட்டார்கள். பெரிய பணக்காரர்களுக்கு மாளிகை கட்டிய மனிதர் அவர். ஒப்புக்கொண்டார்!

1952இல் குடி போனார்கள். ஒரே தளம், வாசலில் படி இல்லை, உள்ளே எங்கேயும் தடுக்கும் நிலைப்படி இல்லை. வீட்டுத் தரையும் வெளி முற்றமும் ஒரே மட்டம். நாற்காலி திரும்புகிற அளவுக்கு நடைவழி. ரைட் இன்னொன்றும் செய்தார், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மற்ற நாற்காலிகளையும் தாழ்வாகச் செய்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்தால் அவர்கள் கண்ணும் லாரன்டின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும். நின்றுகொண்டு குனிந்து பார்த்துப் பேசுகிற பேச்சு எப்படி இருக்கும் என்று பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அறுபது வருஷம் அந்தத் தம்பதி அந்த வீட்டில் வாழ்ந்தார்கள். 2014 முதல் அது பொதுமக்கள் பார்க்கும் காட்சி இல்லமாக இருக்கிறது.

எல்லாருக்கும் ரைட் கிடைப்பாரா? மற்றவர்களுக்குச் சாதாரண மேஸ்திரி கட்டிய வீடுதான். ஆனால் அளவுகளை இலாகா விடாது. கதவு மூன்றடி அகலம், நடைவழி நான்கடி அகலம், சாய்தளம் ஓர் அடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடியாவது நீளம். வெளியே போக இரண்டு வழி கட்டாயம், ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதில் தப்பிக்க வேண்டுமே. இலாகாவின் ஆள் நேரில் வந்து வரைபடத்தைப் பார்ப்பார். பணத்தை அப்படியே கையில் கொடுப்பது வழக்கமில்லை. தனிக் கணக்கில் போட்டுவைத்து, வேலை நடக்க நடக்கக் கட்டுபவருக்குப் போகும். நம்மூரில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போன குத்தகைக்காரர்களை நினைத்தால், இந்த ஏற்பாடு நல்லதுதான் என்று தோன்றுகிறது.

அந்த 10,000 டாலர் பிறகு எவ்வளவு ஆனது? 2025 நிதியாண்டில் 121,812 டாலர் வரை. கட்டடச் செலவு ஏறுவதைப் பார்த்து ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கை கால்கள் போனவர்கள், இரு கண்ணும் இழந்தவர்கள், கடுமையான தீக்காயம் பட்டவர்கள் போன்றோருக்கு இது. இரு கைகளும் போனவர்கள், மூச்சுக்குழல் வெந்தவர்கள் போன்றோருக்குச் சிறிய மானியம் ஒன்று தனியாக உண்டு. அது அதே ஆண்டில் 24,405 டாலர் வரை. ஒரே தடவையில் வாங்கித் தீர்க்க வேண்டுமென்பதில்லை, ஆறு தடவை வரை பிரித்து வாங்கலாம். வீடு மாறினால் மீதியைப் புது வீட்டுக்குப் பயன்படுத்தலாம். அப்பா அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்குகிறவருக்கும் அந்த வீட்டைத் திருத்த ஒரு தொகை உண்டு.

இதில் எனக்கு ஒப்பாத ஒரு விதியும் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு ஒரே ஒரு காலை இழந்து, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர்களுக்கும் பெரிய மானியம் உண்டு, ஆனால் ஆண்டுக்கு 120 பேருக்கு மட்டும். 121ஆவது ஆளின் கால் முளைத்துவிடுமா?

சரி, கணவரை இழந்த பெண்கள் நிலை என்ன? பணியில் இருக்கும்போது சிப்பாய் இறந்துவிட்டால், குடும்பம் குவாட்டர்சில் 365 நாள் வரை இருக்கலாம். வெளியே வாடகைக்கு இருந்தால் அந்த வீட்டுப்படி அவ்வளவு நாளைக்கு வரும். முன்பு 180 நாள்தான் இருந்தது. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த 2005இல்தான் ஓராண்டாக நீட்டினார்கள். அடக்கம் முடிந்த வாரமே சாமான்களைக் கட்டச் சொல்வதை விட இது எவ்வளவோ மேல்.

அந்த ஓராண்டுக்குள் சொந்த வீடு பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஜாமீன் கடன். பணியில் இறந்தவர், அல்லது பணியில் பட்ட காயத்தாலோ நோயாலோ பிறகு இறந்தவர், இவர்களுடைய மனைவிக்கு, அல்லது இறந்தவர் பெண்ணாயிருந்தால் கணவனுக்கு, சிப்பாய்க்குக் கிடைத்த அதே கடன் உரிமை உண்டு. போரில் 90 நாளுக்கு மேல் காணாமல் போனவர், எதிரியிடம் கைதியானவர், இவர்கள் துணைக்கும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். 300,000 டாலர் வீடு என்றால் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. கடனில் கால்பங்கான 75,000 டாலருக்கு அரசாங்கம் ஜாமீன். சாதாரணமாக முதல் தடவை இந்தக் கடன் எடுக்கும் சிப்பாய் நூற்றுக்கு 2.15 வீதம் ஒரு கட்டணம் கட்ட வேண்டும், இந்த வீட்டுக்கு அது 6,450 டாலர். பணியால் இறந்தவருக்கான மாதப் பணத்தை வாங்கும் விதவைக்கு இந்தக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. காயத்துக்கு நட்டஈடு வாங்கும் முன்னாள் சிப்பாய்க்கும் அப்படியே.

ஆனால் கடன் கடன்தான். பேங்கு அந்தப் பெண்ணின் சம்பளத்தைப் பார்க்கும், பழைய கடன்களைப் பார்க்கும், திருப்தியில்லை என்றால் இல்லையென்று சொல்லும். மாதம் தவறினால் வீடு ஏலத்துக்குப் போகும். தவணை கட்ட முடியாமல் திண்டாடியவர்களைக் காப்பாற்ற 2024இல் கொண்டுவந்த ஒரு திட்டத்தை 2025 மே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. பாக்கித் தவணைகளை எடுத்து ஒதுக்கிவைத்து, கடைசியில் கட்ட விடும் ஏற்பாடு அது. இடைப்பட்ட மாதங்களில் தவணை தவறியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மானியம் வாங்கிக் கட்டிய வீட்டில் இருந்த சிப்பாய் கடன் தீருமுன் இறந்துவிட்டால்? அதற்குத் தனி இன்சூரன்ஸ் இருக்கிறது, 200,000 டாலர் வரை. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துச் சேர்ந்திருக்க வேண்டும். பணம் மனைவி கைக்கு வராது, நேரே பேங்குக்குப் போய்க் கடனைத் தீர்க்கும். வீடு அவளுக்கு நிற்கும்.

கடைசியாக, மறுமணம். இருபத்து நான்கு வயதில் புருஷனை இழந்த பெண் முப்பது வயதில் இன்னொருவரைக் கட்டிக்கொண்டால் வீட்டுக் கடன் உரிமை போய்விடும். 57 வயதுக்குப் பிறகு கட்டிக்கொண்டால், அதுவும் 2003 டிசம்பர் 16 அன்றோ அதற்குப் பின்போ நடந்த கல்யாணமாக இருந்தால், போகாது. மாதப் பணத்துக்கு இந்த வயதை 2021 ஜனவரியிலிருந்து 55 ஆகக் குறைத்தார்கள். வீட்டுக்கு 57 அப்படியே இருக்கிறது. வேடிக்கையான கணக்கு! சின்ன வயதில் தனியாகிப் பிள்ளைகளோடு நிற்பவளுக்குத்தான் துணையும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது சட்டம். இறந்த வீரர்களின் குடும்பச் சங்கங்கள் இதை எடுக்கச் சொல்லிக் கேட்டு வருகின்றன.

அந்த இரண்டாவது கல்யாணமும் முறிந்துபோனால், அல்லது அந்தக் கணவரும் இறந்துபோனால், பழைய உரிமை திரும்பக் கிடைக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. 26-1817 என்ற எண்ணுள்ள பாரத்தை நிரப்பி, முதல் கணவரின் பணிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம் இவற்றோடு மறுபடியும் கேட்க வேண்டும். பழைய கடிதங்களைத் தகரப் பெட்டியில் பத்திரமாய் வைத்திருந்தவர்களுக்கு வேலை சுலபம்.