வீட்டு வலையமைப்பைப் பேணுவோம்

மருதானையின் பழைய வீடுகளை அறிந்தோர் அவற்றின் அமைப்பையும் அறிவர். முகப்புக் குறுகல், உட்புறம் நீளம், இடையிடையே தடித்த செங்கற் சுவர்கள். அத்தகைய இல்லம் ஒன்றுக்கு நாம் அண்மையில் சென்றபோது, அங்கே ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. பின்னறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் இணைய வகுப்பு அடிக்கடி தடைப்படுகிறதாம். கட்டணம் கூடிய இணைப்புக்கு மாற வேண்டும் என்றார் கணவர். மாதாமாதம் அதற்குப் பணம் ஏது என்றார் மனைவி.

மடிக்கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்துப் பார்க்கச் சொன்னோம். செலுத்தும் கட்டணத்துக்குரிய வேகம் முழுமையாகவே கிடைத்தது! ஆகவே குறை வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ரவுட்டர் முன்மண்டபத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் ஒளிந்திருந்தது. மகளின் அறையோ மூன்று சுவர்களுக்கு அப்பால். வைபை அலைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் விரைவானது. ஆயினும் சுவர்களைக் கடக்கையில் நலிந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் கூடிய தூரம் செல்லும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்னும் மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அயலவர் அனைவரும் இம்மூன்றையே பங்கிட வேண்டியுள்ளது. சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவினால் எவர் சொல் எவருக்குக் கேட்கும்?

இதற்குப் பரிகாரம் எளிது. சுவரோரமாக ஒரு கம்பியைப் பின்னறைவரை இழுத்து, அங்கே இரண்டாவது வைபைப் பெட்டியொன்றைப் பொருத்துதலே அது. 'கெட் 5ஈ' எனக் கேட்டு வாங்கும் கம்பி, 100 மீற்றர் தூரம்வரை விநாடிக்கு 1000 மெகாபிட் வேகத்தைத் தாங்கும். இந்த ஈதர்நெட் முறை 1973 ஆம் ஆண்டு அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வகத்தில் தோன்றியது. அரை நூற்றாண்டு கடந்தும் அதன் பயன் குன்றவில்லை. செலவும் ஒரு தடவையே.

பேணும் முறையும் சில உண்டு. பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுக. அதன் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்குக. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமுழக்கம் கேட்டால், மின்செருகியைக் கழற்றி வைக்குக.

இன்னுமொரு விடயம் யாவற்றிலும் முக்கியமானது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் பெற்றது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசும். இன்றைய பைபர் இணைப்போ வீட்டு மின்சாரத்தை நம்பியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். அத்தகைய இரவில் முதியவர் ஒருவர் மயங்கி விழுந்தால், 1990 அம்புலன்ஸ் சேவையை எவ்வாறு அழைப்பது? பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஏற்ற சிறு மின்கலப் பெட்டிகள், 'மினி யூ.பீ.எஸ்.' என்னும் பெயரில் கடைகளில் உண்டு. வோல்ட் அளவு பொருந்துகிறதா எனப் பார்த்து வாங்குக. கைத்தொலைபேசியிலும் மின்னேற்றம் குறையாது காத்தல் நன்று.

சில நாட்களின் பின் அவ்வில்லத்துக்கு மீண்டும் சென்றோம். பின்னறையிலிருந்து ஆசிரியரின் குரல் தடையின்றி ஒலித்தது. மாதக் கட்டணம் ஒரு சதமும் கூடவில்லை. கூடிய வேகத்தை விலை கொடுத்து வாங்குமுன், இருக்கும் வேகம் எங்கே தடைப்படுகிறது எனத் தேடுவதே சிக்கனம் அறிந்த குடும்பத்தாருக்கு அழகாகும்.