வேலியைக் கட்டுவோம்

“பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்துவிடவா, ஃபாதர்?” பல்லேபொலப் பகுதியில் இடம்பெயர்ந்து வாழும் தாய் ஒருவர் எம்மிடம் கேட்டார். பொதுக் கிணற்றில் குளித்த மகளை யாரோ மறைந்திருந்து எடுத்த படம், மாணவரின் கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது.

“வேண்டாம் அம்மா, பிழை செய்தவள் அவளல்ல” என்றோம். சேனையில் பன்றி மேய்ந்தால் நாம் பயிரையா பிடுங்குகிறோம்? வேலியையல்லவா கட்டுகிறோம்!

சட்டம் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றமாகும். “எனக்கு வந்ததைத்தானே அனுப்பினேன்” என்பது சாட்டாகாது.

ஆனால், பாடசாலைக்கும் எழுதப்பட்ட ஒழுங்கு வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோராகிய நாம் இவற்றைக் கேட்போம்:

பிள்ளைகள் அச்சமின்றிச் சொல்ல, ஆசிரியை ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். முறையிட்ட பிள்ளையின் பெயர் இரகசியமாக இருக்க வேண்டும். அவளை வீட்டுக்கு அனுப்பவோ வகுப்பு மாற்றவோ கூடாது. படத்தைப் பரப்பிய மாணவரின் பெற்றோரை அதிபர் அழைத்துப் பேச வேண்டும்.

வீட்டில் நாம் செய்யவேண்டியதும் உண்டு. பிள்ளையை அடிக்காமல், ஏசாமல் கேளுங்கள். படத்தை எவருக்கும் காட்டாமல், அது வந்த இலக்கம், நாள், நேரம் என்பவற்றைக் குறித்து வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம்.

காணியை இழந்து வந்த நாம், பிள்ளைகளின் படிப்பையும் இழக்கலாமா?