தங்கம் இருந்தும் தெரியாத டாலர்

1870-களில் அமெரிக்காவில் ஒரு பெரும் விவாதம் நடந்தது: டாலருக்குத் தங்கம் மட்டும் ஆதாரமா, வெள்ளியும் சேரலாமா? நெவாடா சுரங்கங்களிலிருந்து வெள்ளி வந்து குவிய, அதன் விலையோ சரிந்துகொண்டிருந்தது. வில்லியம் வீலர் ஹப்பெல் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னார். இரண்டையும் சேர்த்து உருக்கி ஒரே காசாக அடித்துவிடலாம். அந்தக் கலவைக்குக் 'கோலாய்டு' என்று பெயர். 1877-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கீழவையின் நாணயக் குழுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் ஆதரிக்க, பிலடெல்பியா நாணயச்சாலை மாதிரிக் காசுகளை அடித்தது.

1879-ஆம் ஆண்டு மாதிரியின் கணக்கு உண்மையிலேயே அழகு. மொத்த எடை 14 கிராம். அதில் தங்கம் சுமார் 5.5 சதவீதம், செம்பு 10 சதவீதம், மீதி வெள்ளி. அன்றைய சட்ட மதிப்புப்படி அந்தத் துளித் தங்கம் ஏறத்தாழ அரை டாலர். வெள்ளி மற்றொரு அரை டாலர். சாதாரண வெள்ளி டாலரின் எடை 26.73 கிராம். சட்டைப்பையின் பாரம் பாதியாகிவிடும்! உலோக விகிதத்தையும் எடையையும் காசின் மீதே பொறித்திருந்தார்கள்.

ஆனால் இவ்வளவு குறைந்த தங்கம் வெள்ளியின் நிறத்தை மாற்றாது. காசு வெள்ளையாகவே இருக்கும். தங்கமே சேர்க்காமல் வெள்ளியும் செம்பும் கலந்து அதே அளவில் ஒரு கள்ளக்காசு அடித்தால் எடை எவ்வளவு குறையும்? அடர்த்தியைக் கணக்கிட்டால், சுமார் இரண்டரை சதவீதம்தான். கிராமில் மூன்றில் ஒரு பங்கு. காசைச் சற்றே தடிமனாக்கினால் அதுவும் சரியாகிவிடும். அடித்தவருக்கோ அரை டாலர் லாபம்.

சோதிக்க வழி இல்லாமல் இல்லை. நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் செம்பும் கரைந்து தங்கம் மட்டும் அடியில் தங்கும். ஆனால் சோதனை முடியும்போது காசே இருக்காது. மளிகைக் கடைக்காரர் என்ன செய்வார்?

அதே ஆண்டு அடித்த 'ஸ்டெல்லா' என்ற நான்கு டாலர் மாதிரியைத்தான் சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்குக் கோலாய்டுதான் பெரிது. கணக்கில் தேறி, கல்லாப்பெட்டியில் தோற்ற காசு அது. இன்று எக்ஸ்ரே கருவி காசுக்குச் சேதமின்றி நொடிகளில் கலவையைச் சொல்லிவிடும். அன்றைய வியாபாரிக்கு இருந்தவை கண்ணும் தராசும்தான். அவை இரண்டாலும் பிடிக்க முடியாத காசைப் புழக்கத்துக்கு விடாதது சரியான முடிவு.