பொன் திசைகாட்டியும் பிள்ளைபிடிகாரரும்



"சுவாமி, இந்தப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கலாமா?" என்று பெற்றோர் வினவுவது எங்கள் பங்குகளில் வழமையானது. ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல் மறுமொழியையே அவர்கள் பெரிதும் எதிர்பார்க்கின்றனர். ஆனால் திருச்சபைக்குள்ளேயே ஒரே திரைப்படத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான தீர்ப்புகள் எழுந்ததுண்டு. 2007ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளிவந்த 'த கோல்டன் கொம்பஸ்' என்னும் சிறுவர் மாயக்கதைப் படம் அதற்குத் தக்க சான்றாகும். பொன் திசைகாட்டி என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் 1995இல் எழுதிய நாவலே இப்படத்தின் மூலம். மூன்று நாவல்களின் வரிசையில் அது முதலாவது. மூன்றாவது 2000ஆம் ஆண்டு வெளியானது. லைரா என்னும் சிறுமியின் உலகில் மனிதரின் ஆன்மா உடலுக்கு வெளியே ஒரு விலங்கின் உருவில் உடன் நடமாடுகின்றது. பிள்ளைகளின் விலங்கு அணிலாகவும் பறவையாகவும் பூனையாகவும் மாறிக்கொண்டே இருக்கும்; பருவமடையும்போது ஓர் உருவில் நிலைத்துவிடும். இவ்வுலகை ஆளும் மத அதிகாரபீடத்தின் துணையோடு சிறுவர்கள் கடத்தப்பட்டு, வடதுருவத்துப் பனிவெளியில் ஒரு நிலையத்தில் அடைக்கப்பட்டு, அவர்களது ஆன்மா உடலிலிருந்து அறுத்துப் பிரிக்கப்படுகின்றது. அந்த அதிகாரபீடத்திற்குப் புல்மன் இட்ட பெயர், எமது திருச்சபையின் போதக அதிகாரத்தைக் குறிக்கும் 'மஜிஸ்டீரியம்' என்ற இலத்தீன் சொல்லேதான். தற்செயலாக வைத்த பெயர் அல்ல அது. புல்மன் ஓர் அங்கிலிக்கன் குருவின் பேரன். விவிலியத்தையும் வழிபாட்டையும் நன்கறிந்து பின்னர் கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டவர்.

படம் வெளிவருமுன்னரே அமெரிக்காவின் கத்தோலிக்கக் கழகம் என்ற அமைப்பும் அதன் தலைவர் பில் டொனஹியூவும் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தனர். படம் மென்மையாக்கப்பட்டிருக்கலாம், ஆனால் அதனைக் கண்டு மகிழும் பிள்ளை கிறிஸ்மஸ் பரிசாக நூல்களைக் கேட்கும், நூல்களோ நாத்திகத்தைப் போதிக்கின்றன என்பதே அவர்களின் வாதம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஹோல்ற்றன் கத்தோலிக்கக் கல்விச் சபையின் பாடசாலை நூலகங்களிலிருந்து அந்நாவல் அகற்றப்பட்டது. மறுபுறத்தில், அமெரிக்க ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் படத்தைப் பார்த்துச் சாதகமான விமர்சனம் ஒன்றை வெளியிட்டது. தடுப்பதை விடப் பிள்ளைகளோடு கலந்துரையாடுவதே நன்று என்ற தொனி அதில் இருந்தது. சில நாட்களில் அவ்விமர்சனம் திரும்பப் பெறப்பட்டது! அம்மாத நடுப்பகுதிக்குப் பின்னர் வத்திக்கான் நாளேடான 'ஒஸ்ஸெர்வத்தோரே றொமானோ', கடவுளற்ற அவ்வுலகின் குளிரையும் நம்பிக்கையின்மையையும் கடுமையாகச் சாடியது. ஆனால் 2004இல், அதே கதை லண்டனில் மேடையேறியபோது கன்ரபரி பேராயர் றோவன் வில்லியம்ஸ் அதனைப் பார்த்துப் பாராட்டி, புல்மனோடு பொதுமேடையில் உரையாடவும் செய்தார்.

மத எதிர்ப்பாளருக்காவது படம் பிடித்ததா என்றால், அதுவுமில்லை. இயக்குநர் கிறிஸ் வைட்ஸ் திருச்சபையைச் சுட்டும் குறிப்புகளை வெகுவாகக் குறைத்துவிட்டார் எனப் பிரித்தானியாவின் மதச்சார்பற்றோர் சங்கம் முறையிட்டது. ஏறத்தாழ 18 கோடி டொலர் செலவில் உருவான படம் அமெரிக்காவில் 7 கோடி டொலர் அளவே ஈட்டியது. பிற நாடுகளில் நன்றாகவே ஓடியது. காட்சி நுட்பத்துக்கான ஒஸ்கார் விருதும் கிடைத்தது. எனினும் அடுத்த இரு பாகங்களும் வெள்ளித்திரைக்கு வரவேயில்லை.

இவ்வாதங்களையெல்லாம் நான் வாசித்தறிந்தேன். ஆனால் அவற்றுள் எதிலும் இல்லாத ஒரு கருத்தை, இப்படத்தைத் தம் பிள்ளைகளோடு பார்த்த எம் கரையோரத்துத் தாய் ஒருவர் கூறினார். மத அதிகாரபீடம் அவர் மனதில் பதியவேயில்லை. "பிள்ளைகளைப் பிடிச்சுக்கொண்டு வடக்கே போறாங்கள் சுவாமி, அதைத்தான் பார்க்க ஏலாமல் போச்சு" என்றார்.

திருக்கோவில் முதல் மட்டக்களப்பு வரையுள்ள கரையோரத்தில் அக்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 'பிள்ளைபிடிகாரர்' என்பது எம்மிடையே பாட்டியர் சொல்லும் பயங்காட்டுக் கதையாக மட்டும் இருந்ததில்லை. ஆயுதக் குழுக்கள் கிழக்கில் சிறுவரைப் பலவந்தமாகச் சேர்த்தமையை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2004ஆம் ஆண்டு அறிக்கையிலும், பின்னர் 2007 ஜனவரி அறிக்கையிலும் ஆவணப்படுத்தியது. அமெரிக்கப் பெற்றோர் ஒரு கற்பனைச் சிறுமியின் கதை தம் பிள்ளைகளின் விசுவாசத்தைக் கெடுக்குமோ என்று அஞ்சிய அதே 2007இல், இங்கு தாய்மார் பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்காகப் படலையடியில் காத்து நின்றனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்குத் தப்பிய பிள்ளைகள் அவர்கள். ஒரே படத்தை இரு நாட்டவர் பார்த்தாலும் இருவரும் ஒரே படத்தைப் பார்ப்பதில்லை போலும்.

மறையியல் நோக்கிலும் அத்தாயின் பார்வையே ஆழமானது என்பேன். உடலும் ஆன்மாவும் இணைந்த ஒருமையே மனிதன் என்பது எமது போதனை. ஆன்மாவை உடலிலிருந்து வெட்டுவதைக் கொடுமைகளிலெல்லாம் கொடுமையாகப் புல்மன் காட்டும்போது, அவர் தம்மையறியாமலே எம் பக்கம் வந்து நிற்கின்றார். ஆனால் பருவ வளர்ச்சியையே திருச்சபை பாவமெனக் கருதுகின்றது என்று அவர் சித்திரிப்பது தவறு. பிறப்புநிலைப் பாவம் பற்றிய போதனை அதுவல்ல. பிள்ளைகளுக்கு இதனைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டியுள்ளது. மதத்தின் பெயரால் சிறுவர் வதைக்கப்படுவதாகக் காட்டுவது அபாண்டம் என்று நம்மில் பலர் கொதிக்கின்றனர். அதே 2007 ஜூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் உயர்மறைமாவட்டம், குருக்களாலும் பிறராலும் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான 508 பேருக்கு 66 கோடி டொலர் இழப்பீடு வழங்க உடன்பட்டது. படத்தின் தயாரிப்புச் செலவைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல் இது. இதனை அறிந்த ஒருவர் திரையில் அக்காட்சியைக் காணும்போது, நமது கோபம் அவருக்கு எவ்வாறு தோன்றும்?

தடை என்பது எமக்குப் புதியதல்ல. 2006இல் 'த டாவின்சி கோட்' படம் இலங்கையில் தடை செய்யப்பட்டபோது நம்மவர் பலர் ஆறுதலடைந்தனர். தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு தடை விதிக்கப்பட்டு, பின்னர் சென்னை உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2013இல் 'விஸ்வரூபம்' படத்துக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, 'ஒரு படத்துக்கு இவ்வளவு கோபமா' என்று கேட்டவர்கள் நம்மிடையே இருந்தனர். சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தின் மணியோசையும் அக்கரைப்பற்றிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வந்து போகும் முஸ்லிம் சகோதரர்களின் நட்பும் நம் அன்றாட வாழ்வின் பகுதி. அவர்களின் புண்பாட்டை நம்முடைய தராசிலேயே நிறுத்துப் பார்க்கும் கடமை நமக்குண்டு.

மாயக்கதை என்பதனாலேயே அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. 1995இல் திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் 'த விசார்ட் ஒஃப் ஓஸ்' இடம்பெற்றது. மந்திரவாதியும் சூனியக்காரியும் பறக்கும் குரங்குகளும் நிறைந்த சிறுவர் நாவலின் திரைவடிவம் அது! நம்முடைய ஞானசௌந்தரி கதையும் வேறென்ன? சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்ட பெண்ணுக்குத் தேவமாதா மீண்டும் கைகளை அளிக்கும் அக்கதை நாடகமாக ஊரூராக ஆடப்பட்டது. 1948இல் தமிழ்நாட்டில் இரு நிறுவனங்கள் போட்டியிட்டுப் படமாக்கின. சிட்டாடல் நிறுவனத்தின் படத்தையே மக்கள் கொண்டாடினர்.

'நார்னியா' படத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வோரும் உளர். 2005இல் வந்த அப்படத்தின் சிங்கம், பிறருக்காக உயிரீந்து உயிர்த்தெழுவதால் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு அது வாய்ப்பாகிவிட்டது. அதன் மூலநூலாசிரியர் சி.எஸ். லூயிஸ் 1931இல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பக் காரணமானவருள் ஒருவர் கத்தோலிக்கரான டோல்கின். அந்த டோல்கினுக்கே நார்னியாக் கதைகள் பிடிக்கவில்லை. புல்மனோ 1998இல் அவற்றைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பெண்பிள்ளைகள் வளர்வதை லூயிஸ் வெறுத்தார் என்பது அவர் குற்றச்சாட்டு. அக்கட்டுரையில் காழ்ப்பு மிகுதி. ஆயினும் சூசன் என்ற பாத்திரம் கதையின் இறுதியில் கைவிடப்படும் விதத்தை வாசித்த எந்தப் பெண்பிள்ளையும் ஒரு கணம் முகம் சுளிப்பாள்.

சரி, பார்க்கலாமா கூடாதா? புல்மனின் மூன்று நாவல்களும் 2019 முதல் 2022 வரை தொலைக்காட்சித் தொடராக மூன்று பருவங்களில் வெளிவந்துள்ளன. 2007இன் படத்தைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெற்றோரோடு அமர்ந்து பார்க்கலாம். அறுக்கும் நிலையத்தின் காட்சிகளில் கைபிடித்துக்கொள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும். தொடரின் மூன்றாம் பருவம் வேறு வகையானது. அதில் கடவுளெனத் தன்னை நம்பவைத்த ஒருவர் தளர்ந்த முதியவராகக் காட்டப்பட்டுக் காற்றோடு கரைகின்றார். உறுதிப்பூசுதல் பெறும் வயதையேனும் எட்டாத பிள்ளைக்கு அதனைக் காட்ட நான் விரும்பேன். எட்டியவர்களோடு பெற்றோரும் இருந்து பார்த்துவிட்டு, "அந்த முதியவர் நாம் சிலுவையில் காணும் கடவுளா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.